மைத்துனன் காலும் கடைசி அத்தியாயமும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே உன் காலும், அதைப் பார்த்துக்கொள்ள வந்த உன் அக்காளும் சௌக்கியமா? பல்பு மாற்ற ஏணியில் ஏறி விழுந்தவனுக்குத் துணையாக அவள் வந்ததில் எனக்கு மனப்பூர்வமான சம்மதம். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றும், நீ மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அதற்காக அவளை உடனே அனுப்பு என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. அவசரமே இல்லை. இங்கே நடப்பதைச் சும்மா தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் மத்தியானப் பொழுது எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாது. சாப்பிட்டு எழுந்ததும் அவள் ஜன்னலோர நாற்காலியில் துப்பறியும் நாவலோடு உட்காருவாள். கத்திக்குத்து, ரத்தம் எதுவும் இல்லாத சாதுவான நாவல். ஒரு சின்ன ஊர், ஒரு கேக் கடைக்காரி, ஒரு பூனை. யாருக்கும் பிடிக்காத ஒருவர் செத்துக்கிடப்பார், கடைக்காரி மாவு பிசைந்துகொண்டே கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். அதை உன் அக்காள் பூனைக்குக்கூடத் தனிக்குரல் கொடுத்து உரக்க வாசிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து, கோபம் குறைய டாக்டர் வாங்கச் சொன்ன, பெரியவர்களுக்கான படப் புத்தகத்தில் வண்ணம் தீட்டுவேன். இப்போது சொல்லப்போவது உன்னோடு இருக்கட்டும். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் "இலை" என்பேன், "பூ" என்பேன். அவள் வாசிப்பதை நிறுத்தாமல் அதற்கான பென்சிலை எடுத்து நீட்டுவாள். கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "சொல்லுங்க, யாரு?" என்பாள். எந்தக் கதையானாலும் அதில் வருகிற டாக்டரைத்தான் நான் சொல்வேன். எனக்கு உப்பைக் குறைத்த இனத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்காதா? இதுவரை ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை. அவள் சிரிக்கிற சிரிப்புக்காகவே மறுபடியும் டாக்டரைச் சொல்வேன்.

அவள் கிளம்பிய அவசரத்தில், பாதியில் நின்ற நாவலையும் பையில் போட்டுக்கொண்டு அங்கே வந்துவிட்டாள். அதனால் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆடிட்டரை வாசிக்கச் சொன்னேன். மனிதர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "தோட்டக்காரன்தான் சார். இதுக்கா இவ்வளவு பக்கம்?" என்று கேட்டுவிட்டு, என் காபியையும் குடித்துவிட்டுப் போய்விட்டார். சரி, படமாவது போடலாம் என்று ஒரு முழுத் தோட்டத்தைத் தீட்டி முடித்து, வழக்கம்போல் டாக்டரிடம் காட்ட எடுத்துப் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "சார், இலை பூரா ஏன் ரத்தச் சிவப்பா இருக்கு?" என்றார். ரகசியத்தைச் சொல்ல முடியுமா? "எனக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றேன். "யார் மேலயாவது கோபமா?" என்றார். "மைத்துனன் மேல கொஞ்சம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. உடனே ரத்த அழுத்தம் பார்த்தார், இன்னொரு மாத்திரை எழுதினார், மிச்சமிருந்த உப்பையும் நிறுத்திவிட்டார். உன் காலால் எனக்கு வந்த வினை இது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் அவள் போனில், "அந்தக் கதைய முடிச்சாச்சுங்க. தபால்காரர்தான்னு தம்பி பட்டுன்னு சொல்லிட்டான். வாசிச்சா அவனுக்கு வலி தெரியலையாம்" என்றாள். "ரொம்பச் சந்தோஷம்" என்று போனை வைத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றேன். எதற்காக அங்கே போனேன் என்று ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை, என்னைக் கேட்காமல் அவள் கடைசி அத்தியாயத்தை வாசித்ததே கிடையாது. நீ சரியாகச் சொல்லிவிட்டாயாமே, அப்புறம் அவள் எதற்குச் சிரித்திருப்பாள்?

மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் கால் பூரணமாகத் தேறவும், இனி எந்த ஏணியும் உன்னைக் கைவிடாமல் இருக்கவும் வாழ்த்துகிறேன். நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன், அவள் சௌகரியம்போல் வரட்டும் என்று உன் அக்காளிடம் சொல்.

அன்புடன்,
உன் அத்தான்

பி.கு.: எங்கள் தெருவின் தபால் பெட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கடிதத்தைப் போடப் போனவன் பேருந்தில் ஏறிவிட்டேன். இதை உன் தெருமுனைக் கடையில் நின்று எழுதுகிறேன். மேலே அவசரமில்லை என்று எழுதியதை நம்பாதே. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கடிதத்தை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நிற்பேன். மணி அடிக்க மாட்டேன். அவள் வாசித்துக்கொண்டிருந்தால் வாசிப்பு நின்றுபோகும். நீ மட்டும் சத்தமில்லாமல் வந்து கதவைத் திற. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். அவள் குரல் காதில் விழுந்தால் போதும்.