செம்பூரில் ஓர் ஆற்றைத் திருப்பிய கதை

ஓவியம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், எந்த பிரஷ் வாங்கணும்?" என்றுதான். வரைந்த படத்தை எப்படி விற்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அது தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். (நான் நினைத்தபடி நடந்த விஷயங்கள் ரொம்பக் குறைவு.)

மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் சொல்லித்தருகிற எல்லாமே பட்டுத் தெரிந்துகொண்டவை. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள், நீலத்தில் கொஞ்சம் பழுப்பைக் கலந்தால் போதும். தூரத்து மலைக்குப் பக்கத்து மரத்தின் பச்சையைப் பூசாதீர்கள், மலை வந்து மூக்கில் இடிக்கும். மும்பை மழைக்காலத்தில் ஆயில் பெயின்ட் பக்கமே போகாதீர்கள். ஆடியில் பூசியது தீபாவளிக்கும் கையில் ஒட்டும். சீக்கிரம் காய்கிற அக்ரிலிக்கே கதி. இதெல்லாம் கைப்பழக்கம், யாருக்கும் வந்துவிடும். விற்கிற பாடத்தை மட்டும் நான் செம்பூரில், ஒரு கிரகப்பிரவேசத்தில், ஹோமப் புகைக்கு நடுவில் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். படம் வரைவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஆபீஸ் தோழி வீட்டில் என் படம் ஒன்றைப் பார்த்த மைதிலி மாமி, செம்பூரில் தான் வாங்கியிருந்த புது ஃப்ளாட்டின் ஹாலுக்கு ஒரு பெரிய ஆறு வேண்டும் என்றார். முதல் ஆர்டர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். (ஒரு ஆர்டரை நம்பி ஒரு வேலை. நான் கணக்கு எழுதிய லட்சணம் இதுதான்.) மேனேஜர் நல்ல மனிதர். "கிரகப்பிரவேசம் முடிஞ்ச திங்கட்கிழமை வரைக்கும் உன் சீட் காலியா இருக்கும். யோசிச்சுச் சொல்லும்மா" என்றார்.

என் கணவர் முருகேசன் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் வீட்டில் பேசிப் பழகிய திருநெல்வேலிப் பேச்சும், கூடவே வந்த முன்ஜாக்கிரதையும் அவரை விட்டுப் போகவில்லை.

"ஏட்டி, படத்த வித்த பொறவு வேலய விட்டா ஆவாதா?"

"கலைஞர்களுக்குத் துணிச்சல் வேணும்" என்றேன். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். ஆண்டாப் ஹில்லில் எங்கள் வீட்டு வாடகை என்றைக்குக் கொடுக்கவேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

வரைவதற்கு முன் நான் மாமியிடம் நடத்திய விசாரணை போலீஸ் ஸ்டேஷனில்கூட நடக்காது. சோபா என்ன நிறம், சுவர் எத்தனை அடி, ஹாலில் வெள்ளை விளக்கா மஞ்சள் விளக்கா, ஆணி எவ்வளவு கனம் தாங்கும், எல்லாம் கேட்டேன். பிறகு ஊருக்கு வெளியே கர்ஜத் பக்கம் போய், ஒரு கையில் குடையும் ஒரு கையில் பென்சிலுமாக மழைக்கால ஆற்றைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தேன். படத்தில் ஆறு இடமிருந்து வலமாக ஓடியது. நாம் எழுத்துப் படிப்பதும் அப்படித்தானே, பார்ப்பவர் கண்ணும் கூடவே ஓடட்டும் என்ற பெரிய யோசனை. பாறைகளில் மோதும் நுரையைக் கத்தியால் வழித்து மேடாக அப்பினேன். ஓரத்தில் ஒரு படகும் படகோட்டியும். முடித்துவிட்டுப் பார்த்தபோது என் கையை நானே முத்தமிட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் படத்தைச் சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினோம். ஹாலில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. மைதிலி மாமி முகமெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் அவருடைய அக்கா விசாலம் மாமி கோபர்கைரனேயிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் படத்தைப் பார்த்தார், தான் நுழைந்த வாசலைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மைதிலீ! ஜலம் வெளியிலேன்னா ஓடறது!"

ஹால் முழுவதும் திரும்பியது. படத்துக்கு வலது பக்கம்தான் வீட்டு வாசல். என் ஆறு நேராக அதை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.

"வாஸ்துப்படி ஜலம் வீட்டுக்குள்ளேதானே வரணும்? இப்படி இருந்தா லக்ஷ்மி நேரா லிஃப்ட்ல ஏறிப் போயிடுவா!" என்றார் விசாலம் மாமி.

எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்றால் அங்கே முழுக்க ஜன்னல். மைதிலி மாமியின் மாப்பிள்ளை சாஃப்ட்வேர்காரர். "போட்டோவா இருந்தா ஒரு செகண்ட்ல ஃப்ளிப் பண்ணிடலாம்" என்று வருத்தப்பட்டார். என் கணவர் தன் பங்குக்கு, "வாசல அந்தப் பக்கம் வச்சுக்கிட முடியாதா?" என்று கேட்டார்.

மைதிலி மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவால்லை கொழந்தே. ரொம்ப அழகா போட்டிருக்கே. ஆனா எடுத்துண்டு போயிடு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை அதே நாற்காலியில், அதே ஃபேனுக்கடியில், மேனேஜரின் நல்ல முகத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அதுவே கோபமாகிவிட்டது. (எனக்கு இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் கிடையாது.)

"சாஸ்திரிகளே, ஹோமம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரமாவது ஆகும்."

"போதும். அதுக்குள்ள ஆத்தத் திருப்பிடுதேன்" என்றேன்.

நல்லவேளை, கீறல் பட்டால் பூசுவதற்கென்று நாலு பெயின்ட் ட்யூபும் ஒரு பிரஷ்ஷும் பையில் இருந்தன. (படம் கொடுக்கப் போகும்போது இவை இல்லாமல் போகாதீர்கள்.) தட்டு கேட்டேன், சமையலறையிலிருந்து வாழையிலை வந்தது. அதைப்போல வண்ணம் குழைக்க வசதியான பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. புது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், காய வைக்க மைதிலி மாமியின் மகளுடைய ஹேர் ட்ரையர்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஆறு சொல்வதில்லை, பாறைகள்தான் சொல்கின்றன. மோதிய தண்ணீர் எந்தப் பக்கம் வெள்ளை வாலாக நீள்கிறதோ அதுதான் ஓட்டம். வலது பக்கத்து வால்களை நீலத்தால் மூடினேன், இடது பக்கம் புது வால் இழுத்தேன். கரையோரக் கோரைப் புல்லை எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்த்தேன். என் கணவர் ஹேர் ட்ரையரை நீட்டியபடி பின்னாலேயே வந்தார். ஹோமத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். சாஸ்திரிகளே மந்திரத்துக்கு நடுவில் மூச்சு விட்ட இடத்தில், "அந்தக் குட்டிப் பாறையை விட்டுட்டியேம்மா" என்றார்.

விட்டுவிடவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கத்தியால் அப்பிய நுரை அங்கே மட்டும் ரொம்பத் தடிப்பாக விழுந்து, கல்லாகக் காய்ந்து, எத்தனை தடவை பூசினாலும் மேடு தெரிந்தது.

"ஏட்டி, அங்கன ஒரு செடிய வையேன்" என்றார் கணவர் காதோரமாக.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகச் சிறந்த வார்த்தை அது. மேட்டின்மேல் ஒரு புதர் முளைத்தது. மேடே இலைக் கொத்தாகி, படத்திலேயே அழகான இடமாகிவிட்டது. பட்டென்று யாரோ கை தட்டினார்கள்.

விசாலம் மாமி கிட்டே வந்தார். "ஜலம் உள்ளே வரது, சரி. அந்தப் படகுக்காரன் மட்டும் ஏன் வெளியிலே போறான்? எதை எடுத்துண்டு போறான்?"

படகுக்கு இரண்டு முனையும் ஒன்றுதான். பின்முனையில் நின்றவனை அழித்து மறுமுனையில் நிற்க வைத்தேன். அவன் சமர்த்தாக வீட்டுக்குள் வந்தான். விசாலம் மாமி தன் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளி என் தலையில் வைத்து, "அமோகமா இருப்பே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

மைதிலி மாமி பேசிய பணத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்குப் பாயசம் வருவதற்குள் மூன்று ஆர்டர்கள் வந்துவிட்டன. ஒருவருக்கு மாட்டுங்காவில் வீடு, ஒருவருக்கு மாஹிமில், மூன்றாமவர் விசாலம் மாமியேதான். கேட்ட மூவரும், "எங்காத்துலே வந்து, எங்க கண்ணு முன்னாலே போடணும்" என்றார்கள். அன்றைக்குப் புரிந்தது. முடித்துக் கொண்டுவந்து மாட்டிய படத்தை மக்கள் விலை பேசி வாங்குகிறார்கள். கண்ணெதிரே பிறந்த படத்தைச் சொந்தக்காரப் பிள்ளைபோல அழைத்துப் போகிறார்கள். திங்கட்கிழமை மேனேஜரிடம், அந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

மைதிலி மாமி இப்போதும் வருகிறவர்களின் விரலைப் பிடித்து அந்தப் புதரைத் தடவிப் பார்க்கச் சொல்கிறாராம். என் கணவரோ இந்தக் கதையை எங்கள் கட்டடம் முழுவதும் பரப்பிவிட்டார். விளைவு, ஆண்டாப் ஹில்லில் காலையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மாடிக்கு மாடி யாரும் முனிசிபாலிட்டியைத் திட்டுவதில்லை. குடத்தோடு நேராக எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். இவரும் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார்:

"ஏட்டி, வந்துட்டாவ பாரு! செம்பூருக்குத் திருப்பி விட்டத, கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பி விடு!"