லிட்டருக்கு ஐம்பது

அன்பும் எண்ணெய்க் கறையும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக உனக்கு மாமாவாகிப் போனவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், வண்டியைத் தவிர. உன் நலத்தையும் விசாரிக்க வேண்டியதுதான் முறை. ஆனால் இந்த வாரம் என் நலமே பெரும்பாடாக இருப்பதால் உன்னுடையது கொஞ்சம் காத்திருக்கட்டும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். பிழை இருந்தால் உன் அக்கா திருத்தியிருப்பாள். திருத்தாமல் விட்டிருந்தால் அவளுக்கும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள், என்னிடம் சொல்லாதே.

நான் வீடு வீடாகப் போய் தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் பார்க்கிறவன். இத்தனை வருஷம் பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் புது சூப்பர்வைசர் வந்தார். "ஒண்ணாம் தேதிக்குள்ள சொந்த வண்டி இருந்தா ரூட்டு உங்களுக்கு. இல்லன்னா குடோன்ல உக்காந்து அட்டைப்பெட்டி ஒட்டுங்க"ன்னு சொல்லிட்டார். அந்த குடோனை நீ பார்த்ததில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதுக்கு எதிரே ஒரு சுவர். துணைக்கு ஒரு ஸ்டோர்கீப்பர், அவர் கடைசியா எப்ப வாயைத் திறந்தார்னு ஆபீஸ்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது வீட்டு அடுப்படியில நின்னு வம்பளந்து பழகினவன் நான். என்னை அங்க உட்கார வச்சா பத்தே நாள்ல அட்டைப்பெட்டியோட பேச ஆரம்பிச்சுடுவேன்.

அதனால்தான் உன் மெக்கானிக் கடைக்கு போன் போட்டு, பழைய வண்டி பார்ப்பது எப்படி என்று பாடம் கேட்டேன். நீ சொன்னதையெல்லாம் உன் அக்கா காலண்டர் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். மீட்டரை நம்பாதே, கால் வைக்கிற ரப்பரைப் பார், செயின் பல்லைப் பார், சர்வீஸ் புத்தகம் கேள், கிக்கர் அடிக்கும் முன்னால் இன்ஜினைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். நல்ல யோசனைதான். முதல் வண்டியைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "ஒரு விரலால தொட்டா பத்தாதா?"ன்னு உன் அக்கா கேக்கறா. நீ விரல்னு சொல்லலையே!

ரெண்டாவது வண்டி ஒரு பேங்க்காரருடையது. மீட்டர்ல ஒன்பதாயிரம், ரப்பரோ தேஞ்சுபோய் சோப்பு மாதிரி வழவழன்னு இருந்தது. ஏன் சார்னு கேட்டா, "எனக்கு வெயிட்டான கால்"ங்கறார். மூணாவது வண்டிக்கு சர்வீஸ் புத்தகம் பிரமாதம், ஒரு சர்வீஸ்கூட விட்டுப்போகலை. வீட்டுக்கு வந்து உன் அக்கா நிதானமாப் பார்த்தா, நாலு வருஷத்து சர்வீஸும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே செவ்வாய்க்கிழமை.

நாலாவதுதான் மச்சான் என் தலையெழுத்து. ஒரு தையல்காரருடைய வண்டி. மனுஷன் வாயிலே ஊசியைக் கவ்விக்கிட்டுப் பேசினாலும் பொய் பேசலை. "லிட்டருக்கு இருபத்தஞ்சு குடுத்தாலே பெரிசுங்க. ஆயிலும் குடிக்குது"ன்னு அவரே சொன்னார். வண்டி விக்கிறவன் இப்படியும் பேசுவானா? தன்னடக்கம்னு நினைச்சுட்டேன். நீ சொன்ன மாதிரி டேங்க் குழாயைக் கழட்டி, நூறு மில்லி பெட்ரோலை ஒரு பாட்டில்ல ஊத்தி ஹேண்டில்பார்ல கட்டி, மீட்டர் நம்பரை மணிக்கட்டுல எழுதிக்கிட்டு, உன் அக்காவைப் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். பாட்டில் தீர்ந்து வண்டி நின்ன இடம் ஒரு மேட்டுக்கு நடுவிலே. அங்கிருந்து தையல் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தோம். பாதி வழியில உன் அக்கா, "ஏங்க, மீட்டர் இன்னும் சுத்துது"ன்னா. "சுத்தட்டும்டி, நாம மட்டுமா கஷ்டப்படணும்?"னேன். கடை வாசல்ல வந்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டு மீட்டரைப் பார்த்தா அஞ்சு கிலோமீட்டர்! நூறு மில்லிக்கு அஞ்சுன்னா லிட்டருக்கு ஐம்பது!

தையல்காரர் நம்பவே இல்லை. "இருக்காதுங்க"ன்னார். "உங்க வண்டியோட அருமை உங்களுக்கே தெரியலை"ன்னு மணிக்கட்டைக் காட்டினேன். மனுஷன் ஊசியைக் கீழே வச்சுட்டு யோசிச்சார். "ஐம்பதா? அப்ப நானே வச்சுக்கறேனே"ன்னுட்டார். மச்சான், கையைப் பிடிச்சுக் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். கொப்புளம் இருக்கிற கையால!

மறுநாள் ரூட்டில் ஏழு முறை நின்றது. பெட்ரோல் தீர்ந்து மூணு தரம், மத்தது அதுக்கா மனசு வந்து. கிளப்பினால் தெருவே புகை, பின்னால் வந்த ஒரு அம்மா துணி காயப்போட்டவங்களையெல்லாம் கூப்பிட்டு, எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஐம்பது கொடுத்த வண்டி ஐயா, ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டது என்றேன். எப்படி அளந்தீங்கன்னார். சொன்னேன். "தள்ளிக்கிட்டு வந்ததையும் சேர்த்தா?"ன்னு கேட்டுட்டு, ஒரு டயர்மேல உக்காந்து சிரிச்சவன்தான், என் வண்டியைத் தொடவே இல்லை. கடைசியில், "இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு போயிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் யாராவது இருந்தா..."ன்னான்.

நீதான் இருக்கிறாய். நேற்று நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "வண்டி எதுக்கு வாங்கினீங்க, தொணைக்கா?"ன்னார். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பாராம், அப்புறம் குடோன்தானாம். ஸ்டோர்கீப்பர் இப்பவே எனக்கு ஒரு நாற்காலி துடைச்சு வச்சிருக்கார். அவர் சிரிச்சதை நான் பார்த்தேன் மச்சான், அதுதான் பயமா இருக்கு. ராத்திரி தூக்கமில்லை. உன் அக்காகிட்ட கிண்டல் பண்ணக்கூட வாய் வரலை, அவளே உடம்பு சரியில்லையான்னு கேக்கறா. கடையை அடைத்துவிட்டு, ரிங் செட்டை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற பஸ்ஸில் ஓடி வா. என்னைக் காப்பாற்று.

நீயும் உன் வீட்டாரும், உன் கடையில் பிரித்துப் போட்டிருக்கும் அத்தனை வண்டிகளும் ஒரு குறையுமில்லாமல் சேர்ந்திருக்க வாழ்த்தும்,

உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று சனிக்கிழமை. சூப்பர்வைசர் கூப்பிட்டார், நாற்காலிக்குத்தான் என்று நினைத்துப் போனேன். இந்த வாரம் புதுசா ஒன்பது வீடு பிடிச்சிருக்கீங்க, மத்த ரெண்டு ரூட்டுக்காரங்களும் சேர்ந்தே நாலுதான், என்ன வித்தைன்னு கேட்டார். வித்தை என்ன, வண்டி நிக்கிற வீட்டு வாசல்ல எல்லாம் என் வேர்வையைப் பார்த்துட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கறாங்க. குடிச்சுட்டு, "அம்மா, உங்க ஃபில்டரை எப்பக் கடைசியா மாத்தினீங்க?"ன்னு கேக்கறேன். அவ்வளவுதான், உள்ளே கூப்பிட்டுடறாங்க. ரூட்டு எனக்கே நிலைச்சுடுச்சு. அதனால் நீ தாராளமாக வா, சாப்பிடு, அக்காவைப் பார். ரிங் செட்டை மட்டும் கொண்டுவராதே, வண்டிகிட்டே போனால் கையை ஒடிப்பேன். இன்னொன்று, சூப்பர்வைசர் மற்ற ரெண்டு பேருக்கும் இதே மாதிரி வண்டி வேணும்கிறார். உன் கடையில நல்லாக் கெட்டுப்போனதா ரெண்டு இருக்குமா?