பதினாறாம் நாள் வந்த மின்னஞ்சல்

ஏமாற்று மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. ஸ்கூடாயில் ஒரு கம்பெனியில் மாதம் ஒரு முறை, திரையில் படம் போட்டு, கையில் குச்சியோடு நிற்பேன். அப்படிப்பட்ட நான், இறந்து பதினாறு நாளான ஒருவருக்கு என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். (சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் கொஞ்சம் பயமாக இருக்கும்.)

இறந்தவர் குணா அத்தான், என் அக்கா மல்லிகாவின் கணவர். ரெங்கத்தில் அவர்கள் வீட்டில் கருமாதி. மத்தியானம் அவர் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, பாலில்லாத கோப்பி ஓ வரைக்கும் படைத்தோம். பிறகு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். வழக்கம்தான். கதவைத் திறக்கும்வரை யாரும் பேசுவதில்லை. நான் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வெயிலில் செம்பனை மரங்கள் ஓலை அசையாமல் நின்றன.

கைப்பேசி அதிர்ந்தது. ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் குணா அத்தான்.

ஆங்கிலத்தில் நாலே வரி. "நேரம் இருக்கிறதா? அவசரமாக ஓர் உதவி வேண்டும், ப்ளீஸ். நான் இருக்கும் இடத்தில் போன் பேச முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம்."

என் பாடத்தின் முதல் பக்கமே இதுதான். அவசரப்படுத்துவான், போன் முடியாது என்பான், ரகசியம் என்பான். மூன்றும் இருந்தன. ஆனால் எழுதுபவர் இறந்தவர் என்றால் மூன்றும் எவ்வளவு நியாயமாகத் தெரிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். முகவரியைப் பார்த்தேன். ஓர் எழுத்து பிசகாமல் அவருடையதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அத்தான் எனக்குப் போன் செய்தார். வகுப்பில் இருந்ததால் அழைப்பைத் துண்டித்து, பிறகு கூப்பிடுகிறேன் என்று செய்தி அனுப்பினேன். கூப்பிடவில்லை. பதினாறு நாளும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது அவரே நேரம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

"அத்தான், நீங்கதானா? எப்படி இருக்கீங்க?" என்று எழுதினேன். (இறந்தவரிடம் நலம் விசாரித்த ஒரே பயிற்சியாளர் நானாகத்தான் இருப்பேன்.)

உடனே பதில் வந்தது. "நான்தான். நலம். கொஞ்சம் வேலை."

காலமெல்லாம் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு பைக்கில் வேலைக்குப் போய் வந்த மனிதர். அங்கேயும் ஓய்வில்லையா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தேகம் வந்தால் அந்த ஆளுக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள் என்பது என் பாடத்தின் கடைசிப் பக்கம். போட்டேன்.

சாத்திய அறைக்குள் போன் அடித்தது.

உள்ளே யாரும் இல்லை. நீளமாக அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு எனக்கு அடுத்த மின்னஞ்சல். "சீக்கிரம். இந்த லிங்கைத் திற." திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அக்கா விறுவிறுவென்று வந்தாள். "யாருடி அவரு போனுக்கு அடிச்சது? சார்ஜ் போட்டு எலை பக்கத்துல வச்சிருக்கேன். அது இல்லாம அவரு சாப்பிட மாட்டாரு."

கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இது அவரு இல்ல லா."

"அட்ரஸ் அவரோடதுக்கா."

"இருக்கட்டும். இருபத்தெட்டு வருசத்துல அந்த மனுசன் யார்கிட்டயும் ப்ளீஸ்னு கேட்டதில்ல. தண்ணி வேணும்னாலும் கொண்டாம்பாரு."

அதற்குள் அதே மின்னஞ்சல் என் பெயரில், நான் பாடம் நடத்தும் அத்தனை பேருக்கும் போய்விட்டது. ஒருவர்கூடத் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு முறை வந்து எனக்கே பாடம் நடத்தினார்கள்.

அவசர அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே, "அத்தானோட மெயில் எப்படிக்கா அவனுங்க கைக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு உனக்கு போன் பண்ணாரே, எதுக்குன்னு நினைச்ச? ஏதோ மெயில் வந்து பாஸ்வேர்டு கேக்குது, கொடுக்கலாமான்னு உன்னக் கேக்கத்தான். நீ எடுக்கல. அவரே கொடுத்துட்டாரு."

அக்கா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் வலிக்கிறது. இப்போதெல்லாம் வகுப்பு நடுவில் போன் வந்தாலும் குச்சியை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் திதியன்று கூரையில் காகம் வந்து கத்தும். அக்கா சோற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

"ப்ளீஸ்னு சொல்லுதா பாரு."

நான் காது கொடுத்துக் கேட்பேன். "இல்லக்கா. அதட்டுது."

"அப்ப அவருதான். வை."