ஏரியல் போன வழி

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் வீட்டு மேசைமேல் இருந்த ஐந்து சாமான்கள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பது விளங்கியதில்லை. (என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும். மதிப்பெண் திரும்பக் கிடைக்காது.)

அறுபதுகளின் தொடக்கம். திருக்கோகர்ணத்தில் குடியிருந்தோம். சிற்றலையில் வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ மேல் எனக்குப் பைத்தியம். சென்னைக்கு இரண்டு தடவை போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். மேசைமேல் ரேடியோ நிலையத்தை அமைத்துக் கொடுத்தவன் ஒரு திருச்சிக்கார நண்பன். அனுப்புகிற பெட்டி, கேட்கிற பெட்டி, கரண்ட் கொடுக்கும் பெட்டி, ஒரு சுவிட்ச், மோர்ஸ் தட்டும் சாவி எல்லாவற்றையும் வைத்து இணைத்துக் கொடுத்துவிட்டு, பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் சாவியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு கார்டு வந்தது. பூஜை கழிந்த மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் நிலையத்தைப் பார்க்க வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து.

புத்தியுள்ளவன் என்றால் மேசையைத் தொட்டிருக்க மாட்டான். நானோ ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கொலு மாதிரி உயர வாரியாக அடுக்கினேன்.

என் மனைவி வள்ளிக்கண்ணு தடுத்துப் பார்த்தாள். "கழட்டாதீங்க. இருக்குற இடத்துலயே பொட்டு வச்சிரலாம்."

"ஒனக்கு என்ன தெரியும்? பேசாம சுண்டலைக் கிண்டு."

மறுநாள் திரும்ப மாட்டினேன். பெரிய பெட்டி நடுவில் இருந்தால்தான் லட்சணம் என்று அதை நடுவில் வைத்தேன். சுவிட்ச் பார்வைக்கு அசிங்கமாக இருந்ததால் ஓரமாகத் தள்ளினேன். சன்னல் வழியாக ஒரே நிறத்தில் இரண்டு கம்பிகள் வந்தன. ஜோடியைப் பிரிப்பானேன் என்று இரண்டையும் கேட்கிற பெட்டியின் பின்னால் ஒரே திருகில் முடுக்கினேன். போட்டதும் கரகரவென்றது. உலகமே பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அமைதியான மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பல்பை எடுத்து, சிக்னலை வாங்கவும் விடவும் கூரைமேல் கட்டியிருந்த ஏரியல் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"சாவியை அழுத்துங்க சார். சிக்னல் போனா இது எரியும்."

அழுத்தினேன். எரியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். (பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும்.)

"சரி, ஏரியல் எங்கெங்க போகுதுன்னு வெரலால தொட்டுக் காட்டுங்க. கரண்ட்டை அணைச்சிட்டு."

அணைத்தேன். சன்னலில் விரலை வைத்தேன். கம்பியோடு கேட்கிற பெட்டியின் பின்பக்கம் போனேன். திருகைத் தொட்டேன். அடுத்த கம்பியில் ஏறினேன். விரல் மறுபடி சன்னலுக்கே வந்து நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். கம்பி கிணற்றடி மண்ணுக்குள் இறங்கியது. அது எர்த் கம்பி.

"அப்ப அனுப்புற பெட்டிக்கு ஏரியலே போகலையா?" என்றார் அவர்.

என் காது சூடாகிவிட்டது. லைசென்ஸ் போயிற்று, இனி எந்த முகத்தோடு ஓம் விதி நடத்துவது என்று அழுகையே வந்துவிட்டது.

காபி கொண்டுவந்த வள்ளிக்கண்ணு டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள். "சுவிட்சு நடுவுலல்ல இருந்துச்சு. அங்கிட்டு ஏரியல் வரும், இங்கிட்டு ரெண்டு பெட்டிக்கும் பிரியும். தெனம் தொடைக்கிறேன், தெரியாதா?"

அவர் நிமிர்ந்தார். "ஏன்மா நடுவுல இருக்கணும்?"

"ஏரியல் ஒண்ணுதானேங்க. அனுப்புறப்ப அதுக்கு, கேக்குறப்ப இதுக்கு. எங்க ஊருக் கம்மாத் தண்ணி மாதிரிதான். ஒரு வயலுக்கு மடையை அடைச்சாத்தான் அடுத்த வயலுக்குப் பாயும். இவுக என்னடான்னா தண்ணியத் தரிசுல விட்டிருக்காக."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. "நீங்களே வைங்கம்மா" என்றார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வைத்தாள். சுவிட்ச் நடுவில், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள், கரண்ட் பெட்டி கேட்கிற பெட்டியிலிருந்து தள்ளி, சாவி வலது கைக்குப் பக்கம். அவள் கேட்ட கம்பியைக் கேட்ட நேரத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் சாவியை அழுத்தியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

அவர் அறிக்கையில் திருப்தி என்று எழுதினார். எழுந்தவர் என் தோளைத் தட்டி, "அடுத்த பரீட்சைக்கு அம்மா பேருல ஒரு மனு போடுங்க சார்" என்றார்.

போட்டேன். முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டாள். (நான் இரண்டாம் தடவை என்பதை ஞாபகப்படுத்த எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை.) அதற்குப் பிறகு அந்த மேசை அவளுடையதாகிவிட்டது. பேசியதற்கு அத்தாட்சியாக ஜப்பானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் அவள் பேருக்குக் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் புதுத் தபால்காரர் ஒரு கட்டோடு வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபரேட்டரம்மா இருக்காங்களா? நீங்க யாருங்க, அவுக கிட்ட வேலை பாக்குறீங்களா?"

"ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்து கேட்ட சிரிப்பு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அடங்கவில்லை.