ஒரு விரல் அளவு காற்று

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இந்த வரியை எழுதும் வரை நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாகப் போவதற்கு மன்னித்துக்கொள், எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்ற கை. நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய முதல் கடிதம் போன வாரம் மேசையிலிருந்து காணாமல் போனதால் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன். "தங்கை" என்று எழுதி அதை நானே படிக்கும்போது வருகிற சந்தோஷத்துக்காக மூன்றாம் முறையும் எழுதுவேன்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை உன் வீட்டுச் சன்னல், கதவு இடுக்குகளை அடைக்க வருகிற ஆளை உள்ளே விடாதே. ஹீட்டர் சூடெல்லாம் வெளியே ஓடுகிறது, அம்மா இருமுகிறாள் என்று என் மகள்தான் அவரை இங்கே அனுப்பினாள். அவர் மெழுகுவத்தியைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோனார். சுடர் சாய்ந்த இடமெல்லாம் அடைப்புதான். சன்னலுக்கு ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில் பிரஷ், சுவர் விரிசலில் டப்பாவிலிருந்து வெள்ளை நுரை, அது நம் கண்ணெதிரே வீங்குகிறது! படிக்கத் தெரியாத காலத்தில் எனக்கு எந்த டப்பாவிடமும் பயம் இருந்ததில்லை. இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும்." நான் படித்து முடிப்பதற்குள் அவர் மூன்று சன்னல்களின் காற்றை அடைத்துவிட்டார்.

"தம்பி, எல்லாத்தையும் அடைச்சிட்டா மூச்சு எப்படி விடுறது?"

"சமையலறையில ஃபேன் இருக்கு, சுவத்துல காத்து வர தனிவழி வச்சிருக்கேன், ஐயா. பழசு அது வழியா போகும், புதுசு இது வழியா வரும்."

"வழி தெரியாம நின்னுட்டா?"

"காத்துக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டாம், ஐயா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் உன் அண்ணி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணி நோட்டில் கோடு போட்டேன். நடுவில் ஒன்று தாமதமானதும் மூக்கருகே கையை வைத்துவிட்டேன்.

"இன்னும் இருக்கேன், கைய எடுங்க!" என்றாள்.

ஐம்பது வருஷம் கூட இருந்தவளை ஒரு நுரை டப்பாவுக்குக் கொடுக்க முடியுமா? அவள் குளிக்கப் போனபோது கட்டில் தலைமாட்டுச் சுவரில் அவர் நுரை அடைத்த விரிசலைத் திருப்புளியால் குத்தி ஒரு விரல் அளவு ஓட்டை போட்டேன். மறுநாளே, "கழுத்துல காத்து குத்துது, அந்த ஆள் ஒழுங்கா அடைக்கல" என்று அவரைத் திரும்ப வரவழைத்தாள். அவர் மெழுகுவத்தியோடு சுற்றியபோது நான் ஓட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் எழுந்திரிங்க, ஐயா."

"முட்டி வலிக்குது, தம்பி."

முதுகு மரத்துப்போனாலும் ஓட்டை பிழைத்தது. பலனைக் கேள்: போன வாரத்திலிருந்து அவளுக்கு இருமலே இல்லை, கழுத்தில் குத்துகிறது என்றும் சொல்வதில்லை. எல்லாம் அந்த ஓட்டை தந்த நல்ல காற்று. அதை நம்பித்தான் நான் கண்ணை மூடுகிறேன். அவரை உள்ளே விட்டே ஆக வேண்டுமென்றால் திருப்புளியைத் தயாராக வை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், எல்லோருக்கும் தடையில்லாத மூச்சு.

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் ஓட்டையைப் பார்க்கக் குனிந்தேன். உள்ளே சுருட்டித் திணித்த தாள் ஒன்று. இழுத்தால் முதல் வரியே "அன்புள்ள தங்கைக்கு."

"அது கடிதமா?" என்றாள் உன் அண்ணி. "பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்த தாள்னு நினைச்சேன். எட்டு நாளா நிம்மதியா தூங்குறேன், திரும்ப அங்கயே வைங்க."

எட்டு நாள்! ஓட்டையே இல்லாமல் இருவரும் எட்டு நாள் மூச்சு விட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அந்த ஆளுக்குக் கதவைத் திறந்துவிடு. உன் வீடு முடிந்ததும் ஒரு டப்பா நுரையோடு இங்கே வரச் சொல், முட்டி வலி போய்விட்டது என்றும் சொல். அடுத்த வாரக் கடிதத்தை அவள் கைக்கு எட்டாத அலமாரியின் மேல் உட்கார்ந்தாவது எழுதி அனுப்புகிறேன்.