சாப்பாட்டு மேஜையில் பறந்தவன்

பதினோரு வருஷம் நான் பறந்திருக்கிறேன். எல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

பகலில் எனக்கு வேறு வேலை. 'நீலத் தவளை' ஜிப்லைன் கம்பெனியில் கையுறை அலமாரி என் பொறுப்பு. வருகிறவர்கள் ஹெல்மெட், இடுப்பு வார், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய பதினாலு கம்பிகளில் தொங்கிக்கொண்டு, காடு முழுக்க அலறிக்கொண்டு, கடைசியில் கடற்கரைப் பக்கம் வந்து இறங்குவார்கள். அவர்கள் வேர்வையில் ஊறிய கையுறைகளைக் கழுவிக் காயவைப்பவன் நான். எங்கள் காட்டுக் கடற்கரையில் எதையும் காயவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மே மாதம் நனைந்த துண்டு டிசம்பரில்தான் காயும். ஆனாலும் அதைச் சொல்லி எந்தப் பெண்டாட்டியிடம் பேர் வாங்க முடியும்?

ஆகவே என் மனைவி யோர்லெனியைப் பொறுத்தவரை நான் வழிகாட்டி. சும்மா வழிகாட்டி இல்லை, தலைமை வழிகாட்டி.

இந்தப் பொய்யை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வழிகாட்டி வேலைக்கென்றுதான் போனேன். முதல் நாள் சோதனை. முதல் மேடைவரை ஏறிவிட்டேன். அங்கிருந்து கீழே பார்த்தேன். அவ்வளவுதான், பக்கத்தில் இருந்த மரத்தைக் கட்டிப்பிடித்தவன் இரண்டு மணி நேரம் விடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இயற்கைமேல் எனக்கு அத்தனை பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அரிசி மூட்டையை இறக்குகிற மாதிரி கயிறு கட்டி இறக்கினார்கள். முதலாளி தோன் அனிபால் நல்ல மனுஷர். "எவெலியோ, உனக்குத் தரைதான் ராசி" என்று கையுறை அலமாரியின் சாவியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் யோர்லெனி முழு மீன் பொரித்து வைத்திருந்தாள். மேஜையின் தலைப்பக்கம் எனக்கென்று தனி நாற்காலி. பிள்ளைகள் இரண்டும் கண்ணை விரித்துக்கொண்டு, "அப்பா, பறந்தீங்களா?" என்று கேட்டன. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பறந்தேன் என்றுதான் நானும் சொன்னேன்.

அன்றைக்குச் சொன்ன கதைக்கு ஒரு கோமாளி தேவைப்பட்டான். மரத்தைக் கட்டிப்பிடித்து அழுத ஒருவனை உண்டாக்கினேன். தொபியாஸ் என்று பேர் வைத்து, கையுறை காயவைக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. யோர்லெனி மட்டும், "பாவம் அந்த மனுஷன், அவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாளே" என்றாள்.

பொய்யால் பேர் மட்டும் கிடைத்திருந்தால் என்றைக்கோ உண்மையைக் கக்கியிருப்பேன். கிடைத்தது அதைவிடப் பெரிய லாபம். எங்கள் தகரக் கூரை வருஷத்தில் ஏழு மாதம் ஒழுகும். முதல் மழையிலேயே, ஏணியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். எனக்குத் தொடை நடுங்கியது. ஆனால் வாய் நடுங்கவில்லை.

"நாள் பூரா மேல தொங்கிட்டு வர்றவன், வீட்டுக்கு வந்தாவது தரையில கால் வைக்கணும், இல்லையா?" என்றேன்.

அவள் தார் டப்பாவை எடுத்துக்கொண்டு தானே ஏறினாள். அன்று தொடங்கி கூரை அவளுடையது, தென்னை மரம் அவளுடையது, மின்கம்பத்தில் சிக்கிய பட்டம்கூட அவளுடையது. நான் கீழே நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்வேன். அதற்கே எனக்குத் தலை சுற்றும்.

இந்த ராஜ வாழ்க்கைக்குத்தான் போன மாதம் வேட்டு வைத்தாள். அவளுடைய பிறந்தநாளுக்கு நாலு வாரம் இருந்தது. என்ன வேண்டும் என்று தெரியாத்தனமாகக் கேட்டுத் தொலைத்தேன்.

"செருப்பு வேண்டாம், கேக்கும் வேண்டாம். நீங்க பறக்கிறதை ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

சோறும் கறுப்பு பீன்ஸும் ஒன்றாகப் புரையேறியது. 'நீங்க' என்று சொன்னாளே என்று பார்க்காதீர்கள். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனை 'நீங்க' என்பாள், நாயையும் 'நீங்க' என்பாள். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நானும் அவளை 'நீங்க' என்றுதான் சொல்வேன். ஊர் வழக்கம் பாதி, பயம் பாதி.

"இப்ப முடியாதே. கம்பியை மூடி வச்சிருக்கோம்" என்றேன்.

"ஏன்?"

"ஏழாம் கம்பியில ஒரு சோம்பேறி உக்காந்திருக்கு."

என்னைச் சொல்லவில்லை. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தூங்குமே ஒரு பிராணி, அதற்கு எங்கள் ஊரில் சோம்பேறி என்றே பேர். அது கம்பியில் ஏறிவிட்டால் தொடக்கூடாது, துரத்தக்கூடாது. அதுவாக இறங்கும்வரை கம்பி மூடல்தான். இது நிஜமாகவே நடக்கும். போன வருஷம் ஒன்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நான் உட்காரவைத்தது மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது.

தினமும் சாயந்தரம் அதன் உடல்நலம் விசாரிப்பாள். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். இன்றைக்கு ஒரு கண்ணைத் திறந்தது என்பேன். மழையில் நனைந்து பாசி பிடித்துவிட்டது என்பேன். மூன்றாம் வாரக் கடைசியில் வாணலியைத் துடைத்துக்கொண்டே, ரொம்பக் கரிசனமாகச் சொன்னாள்:

"ஏங்க, அது வெளிக்குப் போக வாரத்துக்கு ஒரு நாள் மரத்தை விட்டு இறங்கியே ஆகணுமே. மூணு வாரமா இறங்கலைன்னா கடுமையான மலச்சிக்கல். நாளைக்குப் பப்பாளி வச்சு விடறேன், குடுத்துப் பாருங்க."

எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கு மட்டும் அந்த நேரத்துக்கு மறந்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அரைப் பப்பாளி வந்தது. நானே தின்றேன். எனக்கு நன்றாக வேலை செய்தது. அன்று சாயந்தரம் சோம்பேறி இறங்கிவிட்டது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

பிறந்தநாளுக்கு இன்னும் ஆறே நாள். மூளையைக் கசக்கினேன். கசக்கினால் ஏதாவது வரும் என்று நம்புகிற ஆள் நான். வந்தது.

ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஏழாம் கம்பி தெரியும். ஆனால் ரொம்ப உயரம். போகிறவன் முகம் தெரியாது, சட்டைதான் தெரியும். என் மஞ்சள் சட்டையில், என் சிவப்பு ஹெல்மெட்டில் வேறொருவன் போனால்? ஆளும் கிடைத்தான். புது வழிகாட்டி வில்பெர், நாட்டின் மறுபக்கக் கடற்கரையிலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் யாரைத் தொட்டாலும் அவன் யோர்லெனிக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பான். இவன் ஒருவன்தான் யாருக்கும் எதுவும் இல்லை. கூலியாக ஒரு வாரத்துக்கு என் மதியச் சாப்பாட்டைக் கேட்டான். வாழையிலையில் கட்டின சோறு, பீன்ஸ், பொரித்த வாழைப்பழம், முட்டை. மனசு வலித்தது, கொடுத்தேன்.

வில்பெர் ஒல்லிக்குச்சி. என் தொப்பை வேண்டுமே. சட்டைக்குள் கையுறைகளை அடைத்துப் பார்த்தோம். எட்டு ஜோடி போதும் என்றேன் நான். அவன் என்னை ஒரு பக்கமாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, பத்து என்றான்.

யோர்லெனியிடம் சொன்னேன்: சனிக்கிழமை காலை பத்து மணி, பாலம், ஏழாம் கம்பி. கையாட்டுவேன், உங்கள் பேரைச் சொல்லிக் கத்துவேன். சரி, பத்துக்குச் சரியாக வந்துவிடுகிறேன் என்றாள். எத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டாள் பாருங்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது. நான் கையுறை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தேன். சரியாகப் பத்து மணிக்கு, தூரத்தில், காட்டுக்கு மேலே "யோர்லெனீ" என்ற சத்தம் கேட்டது. பயல் என்னைவிட நன்றாகவே கத்தினான். அப்பாடா என்று உட்கார்ந்தேன். இன்னும் பதினோரு வருஷத்துக்குக் கூரை என் பக்கம் வராது.

ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது.

"சின்ன சைஸ் இருக்குங்களா?"

கையுறையை எடுத்து நீட்டப்போனவன் அப்படியே நின்றேன். மணிக்கட்டுக்கு மேலே, வாழைப்பழம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த தழும்பு. அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டவனே நான்தான். மெதுவாகக் குனிந்து பார்த்தேன். ஹெல்மெட், இடுப்பு வார், உள்ளே யோர்லெனி.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் துளிகூட அறிமுகம் இல்லை.

"இப்பத்தான் என் வீட்டுக்காரர் மேல போனாரு, பாத்தீங்களா? என்ன ஒரு தைரியம். உடம்புதான் கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு."

நான் கையுறையை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"நீங்கதானே தொபியாஸ்?" என்றாள். "வீட்டுல உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாரு. மரத்தைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதீங்களாமே."

நான் என்ன செய்வது? இல்லை, நான் எவெலியோ என்றால் மேலே பறந்தது யார் என்ற கேள்வி வரும்.

"ஆமாங்க, தொபியாஸ்தான்" என்றேன்.

"பாவம். உங்க பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்."

"தெரியும்" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே. "மொத வாரமே தெரியும்."

திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் வெளியே வந்து தலையைத் தூக்கி அந்தக் கம்பிகளைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட பயம் எங்கே போனதோ தெரியவில்லை. அவள் அங்கே தொங்குகிறாளே என்ற பயம்தான் இருந்தது. முதல் கம்பி, இரண்டாவது, மூன்றாவது. மற்றவர்கள் அலறினார்கள். அவள் சந்தைக்குப் போகிற மாதிரி போனாள். பதினோரு வருஷம் ஈரத் தகரத்தில் நடந்த கால் அது. அதை நினைத்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஏழாம் மேடையில் என்ன நடந்தது என்பதை வில்பெர் வந்துதான் சொன்னான், சட்டைக்குள் பத்து ஜோடியும் அப்படியே இருக்க. வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஆறடி ஆள், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாராம். மூன்று வழிகாட்டிகள் கெஞ்சினார்கள். முதலாளியே மேலே வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. யோர்லெனி போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "பயப்படறது தப்பில்லைங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான். ஒவ்வொரு விரலா எடுப்போம், வாங்க" என்றாளாம். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு விரலாக எடுத்தாராம். தோன் அனிபால் அங்கேயே, திங்கட்கிழமையிலிருந்து வழிகாட்டியாக வருகிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கம்பியை உள்ளங்கையால் அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த வழிகாட்டிக்கும் வலது கை காய்த்துப் போயிருக்கும் என்றாள். "உங்க கை பிறந்த குழந்தை கை மாதிரி இருக்கு. சோப்பு வாசனை வேற." வில்பெரைப் பற்றிக் கேட்கவே தேவையிருக்கவில்லை. இரண்டாம் நாளே சாப்பாடு போதவில்லை, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றானாம். சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

"அப்ப ஏன் இத்தனை வருஷம் ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க கதை சொன்னாத்தான் பிள்ளைங்க தட்டைக் காலி பண்ணுச்சு" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவளை நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கையுறையையும் நான்தான் கழுவிக் காயவைத்தேன். சாயந்தரம் முழு மீனும் நான்தான் பொரித்தேன். அந்தத் தலைப்பக்க நாற்காலியில் அவள் உட்கார்ந்து கதை சொன்னாள். வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் பழையபடி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டன. கதை நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அடித்த அடியில் ஒரு புது ஓட்டை விழுந்து, என் தட்டில், சரியாக மீன் தலையில் சொட்டியது.

நான் கூரையைப் பார்த்தேன். பிறகு, பழக்க தோஷம், அவளைப் பார்த்தேன்.

அவள் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"நாள் பூரா மேல தொங்கிட்டு வர்றவ, வீட்டுக்கு வந்தாவது தரையில கால் வைக்கணும், இல்லையா? ஏணி பின்கட்டுல இருக்கு, தொபியாஸ்."