தெல்மிரோவை வழியனுப்பிய விருந்து

சான் ரோமுவால்தோ,
சனிக்கிழமை மாலை.

பாசமுள்ள தங்கை நெலிதாவுக்கு,

அண்ணன் ஒலெகாரியோ எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் கோழிகளும் சௌக்கியம். புவனெஸ் அயர்ஸில் நீயும், நீ சமைத்துப்போடும் வீட்டுக்கார அம்மாளும், அந்த அம்மாளின் சர்க்கரை வியாதியும் ஒரு கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போட்ட கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதாததற்குக் கால்பந்து லீக் ஆட்டங்கள்தான் காரணம். எல்லாக் கடிதத்திலும் ஒரே விஷயம்தானே எழுதியிருந்தாய்: அவன் அப்பன் குடித்துப் போன வழியில் போவதற்குள் என் பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடு என்று. சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். சீசன் இன்னும் முடியவில்லை, ஆனால் உன் பிள்ளையின் சீசன் முடிந்துவிட்டது. தெல்மிரோவை நம் மொலினோ கிளப்பிலிருந்து நீக்கிவிட்டோம். கிளப் தலைவர் என்ற முறையில் இதை நானே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. உட்கார்ந்து படி, பதற வேண்டாம்.

அவன் இடது காலைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு கால் இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் வாய்த்ததில்லை. அந்தக் காலோடு சேர்ந்து வந்த ஆள்தான் எங்களுக்குச் சரிப்படவில்லை. போன மாதம் ஒரு பெனால்டி. பந்தை வைத்துவிட்டு எதிரணி கோல்கீப்பரிடம், "அண்ணே, வலது பக்கம் அடிக்கப்போறேன், அந்தப் பக்கமே பாயுங்க" என்றான். அவரும் அந்தப் பக்கமே பாய்ந்தார், பந்தும் அந்தப் பக்கமே போய்க் கோலானது. ஜனங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே இவன் மைதானத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிரே உள்ள மதுக்கடைக்குள் பூட்ஸ் காலோடு போய் உட்கார்ந்துவிட்டான். ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கோல் போட்டவனுக்குக் கோலுக்கு ஒரு கிளாஸ் கரும்புச் சாராயம், யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொடுக்கலாம். மற்ற பையன்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அவர்கள் வருஷத்துக்கு இரண்டு கோல் போட்டால் அதிசயம். உன் பிள்ளை ஞாயிறுக்கு மூன்று போடுகிறவன். அவனைக் குடிக்கவைத்ததும் நாங்கள்தான், குடிக்கிறான் என்று கூட்டம் போட்டதும் நாங்கள்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை அண்ணியிடம் சொன்னேன், "வெட்கப்பட்டுக்கிட்டே நீங்களும்தானே வாங்கிக்குடுத்தீங்க" என்றாள்.

அது போகட்டும். அரையிறுதி ஆட்டத்தன்று நடுவர் வந்து பார்க்கிறார், இரண்டு கோல் கம்பத்திலும் வலை இல்லை. யார் எடுத்தார்கள் என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது மீன்பிடிக்கிற பாஸிலியோ தோளில் வலையைச் சுமந்துகொண்டு நேராக என்னிடம் வந்து நின்றான். "தலைவரே, உங்க மருமகன் இதை ஒரு பாட்டிலுக்கு எங்கிட்ட வித்தான். கண்ணி இவ்வளவு பெருசா இருந்தா எந்த மீனு நிக்கும்? என் பாட்டிலைத் திருப்பிக் குடுங்க" என்றான். நடுவர் சிரித்தார். எதிரணி சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாட்டில் வாங்கப் போனேன். ஆனால் மருந்துக்கடை அனிபால் சிரிக்கவில்லை. "ஒலெகாரியோ, உன் தங்கச்சி மகன்னு இன்னும் எத்தனை நாளைக்குப் பொறுக்கறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

போன ஞாயிறு ஆட்டம் இல்லை, அவனை நீக்குவதா என்று முடிவெடுக்கக் கமிட்டி கூடியது. நல்ல பேர் எடுத்துப் போனாலும் கெட்ட பேர் எடுத்துப் போனாலும் ஆட்டக்காரன் போகும்போது இறைச்சி சுட்டு விருந்து வைப்பது நம் கிளப்பின் மரியாதை. நெருப்பின் முன்னால் நிற்க நம் ஊரில் தெல்மிரோவை விட்டால் ஆள் இல்லை. மற்றவர்கள் சுட்டால் ஒன்று கரி, இல்லையென்றால் ரத்தம். யாரோ போய் அவனையே கூப்பிட்டுவிட்டார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே காலையிலேயே வந்தான், குளித்து, சவரம் செய்து, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் நெருப்பு மூட்டினான். விலா எலும்பு அப்படி வெந்திருந்தது, நெலிதா, எலும்பைத் தொட்டால் சதை தானாக விழுந்தது. சாப்பிட்டதும் சுட்டவனுக்குக் கைதட்டுவது வழக்கமாயிற்றே, தட்டினோம். பலமாகவே தட்டினோம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அனிபால் எழுந்து, "சரி, நீக்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். கொழுப்பு வழிகிற கைகளோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தலைவர் தூக்காமல் யாரும் தூக்கமாட்டார்கள். தூக்கினேன். அவன் நெருப்புக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். "மாமா, குடல் இன்னும் வேகல. அதையும் சாப்பிட்டுட்டு ஓட்டுப் போட்டிருக்கலாமில்ல" என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குடல் வெந்ததும் ஒவ்வொரு தட்டிலும் அவனே வைத்தான். பிறகு பத்தாம் எண் சட்டையை மடித்து என் முன்னால் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது என்றேன். போய்விட்டான்.

ஆகவே நீ கவலைப்படாதே. அரிசி ஆலையில் அவனுக்கு ஒரு வேலை பேசி வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குகிற உடம்புக்குக் குடி தானாக விட்டுப்போகும். என் கண் முன்னாலேயே இருப்பான். அங்கே அனுப்பவேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பெரிய ஊர் அவனுக்கு ஆகாது. கடவுளும் கன்னி மாதாவும் உனக்கு நல்ல உடம்பையும், உன் வீட்டுக்கார அம்மாளுக்கு நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஒலெகாரியோ

பின்குறிப்பு: மேலே எழுதியது நேற்று. அதில் ஆலை வேலை பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நேற்றே வேலையில் சேர்ந்திருக்கவேண்டியவன் ஆலைப் பக்கமே போகவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. இன்று ஞாயிறு. ஆட்டத்தன்று காலையில், அவன் அப்பன் விட்டுப்போன அந்தப் படகில் தூங்குகிறவனை எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, காபி குடிக்கவைத்து, பூட்ஸ் மாட்டிவிடுவது இத்தனை நாளாக என் வேலை. பழக்க தோஷம், இன்றும் போய்விட்டேன். கிடந்த கிடையைப் பார்த்து மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "இன்னிக்கு யாரோட ஆட்டம் மாமா?" என்றான். ஞாபகம் வந்ததும் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆட்டம் இல்லாத ஒரு நாளில்கூட நான் அவனை எழுப்பியதில்லை, நெலிதா. நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மத்தியானப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவன் சட்டைப்பையில்தான் வைக்கிறேன். இங்கிருந்து புவனெஸ் அயர்ஸுக்குக் கப்பல் ஏறும் இடம்வரை பேருந்து நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு மதுக்கடை இருக்கிறது. நீ இதைப் படிக்கிறாய் என்றால் உன் பிள்ளை உன் எதிரே நிற்கிறான். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவனுக்குச் சாப்பாடு போடு.